பேசாத கருவியில் பேசியவனுக்கு

போன வாரம் ஊரிலிருந்து வந்திருந்த என் மகள் கைபேசியை என் கையில் திணித்து, "அப்பா, நீங்க அடிக்கடி சொல்வீங்களே அந்தக் கப்பல் கதை, கெடச்சிடுச்சு பாருங்க" என்றாள். உள்ளங்கையளவு திரை. நாம் கறுப்பு வெள்ளையில் புள்ளிமழைக்கு நடுவே பார்த்தது, இதில் வண்ணத்தில் ஓடியது. அந்தக் கப்பல் தலைவன் பச்சைச் சட்டை போட்டிருந்தான் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். அடியில் தமிழ் எழுத்து ஓடியது. அவன் மெய்யாகவே என்ன சொன்னான் என்பதை இந்த வயதில் கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் படித்தேன்.

நீ சொன்ன நாற்பது தம்பிகள் அதில் இல்லை. "அண்ணன் பேசறேன்" என்று அவன் எங்கேயும் சொல்லவில்லை. "படை தயாரா" என்று ஒரு வரி, அவ்வளவுதான். பாதிக்கு மேல் உன் சொந்தச் சரக்கு என்று எனக்கு அப்போதே சந்தேகம். உறுதியான அந்த நிமிடத்தில், "டேய், மாட்டிக்கினியா" என்று கேட்க வேண்டும்போல் வாய் துறுதுறுத்தது. செருப்பைக்கூட மாட்டிக்கொண்டேன். உன் வீடு இரண்டு தெரு தள்ளித்தானே. வாசலில் நின்றபோதுதான் நினைவு வந்தது. ஆடி மாதமே நீ போய்விட்டாய்.

திரும்பி வந்து உட்கார்ந்து முழுவதையும் பார்த்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏம்பா, சிரிக்கிற கதைன்னு தான சொல்வீங்க, இப்ப ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீங்க?" என்றாள். சிரிக்கிற பாதியை மட்டும்தான் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். மீதிப் பாதி நமக்குள்ளேயே இருந்தது. நீ இல்லாத பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாம் இரண்டு பேரும் வனக்காவலர் வேலைக்கு ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள். நான் ஒடுகத்தூரில் வேர்க்கடலைக் கொல்லையில் வளர்ந்தவன். மலை ஏறினால் முதல் வளைவிலேயே எனக்கு மூச்சு வாங்கும். நீ மலையிலேயே பிறந்தவன், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் பத்துப் பதினைந்து வீடுகள் இருக்கும் ஊர். உன் ஊரிலிருந்து வேலூருக்குப் போய்க் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நீ. ஒரு வருடம் படித்து, இரண்டு பாடத்தில் தேறாமல் திரும்பிவிட்டாய். ஆனால் மலையில் யாருக்கும் அந்த இரண்டு பாடத்தைப் பற்றித் தெரியாது. அவர்களுக்கு நீ இங்கிலீஷ் தெரிந்தவன்.

எண்பதுகளின் நடுவில் ஊராட்சிக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. இரட்டைக் கதவு போட்ட மரக்கூண்டுக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்கள். சாவி ஊராட்சி எழுத்தரிடம். எல்லாரும் ஞாயிறு மாலைப் படத்துக்காகக் காத்திருக்க, நீ மட்டும் ஞாயிறு காலையிலேயே எழுத்தர் வீட்டு வாசலில் போய் நிற்பாய். காலையில் இங்கிலீஷில் ஒரு விண்வெளித் தொடர் ஓடும். மூங்கிலில் கட்டிய ஆன்டெனாவை நான் திருப்ப, "இன்னும், இன்னும், ஆங், அப்டியே வுடு" என்று நீ கத்துவாய். படம் வந்ததோ இல்லையோ, சத்தம் வந்துவிடும். சத்தம் கேட்டு ஆட்கள் வந்துவிடுவார்கள்.

அவர்களுக்காக நீ பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசுவாய். அந்த ஒரு ஞாயிறு எனக்குப் பிசகாமல் நினைவிருக்கிறது. ஆளில்லாத வானத்தில் ஒரு சின்னக் கப்பல் தனியாகப் போகிறது. எதிரே மலையளவு இன்னொரு கப்பல் வந்து வழியை அடைத்து நிற்கிறது. அதிலிருந்து முகம் காட்டாத ஒரு குரல் மட்டும் வருகிறது.

"இன்னாப்பா சொல்றான்?" என்று முன்வரிசையிலிருந்து கேட்டார் வெள்ளையன்.

"என் எல்லைக்குள்ள வந்துட்ட. இப்ப எரிச்சிடுவேன்றான், மாமா."

வெள்ளையன் உனக்கு அம்மா வழியில் மாமன். நெருங்கிய உறவு இல்லை, ஆனால் நீ பிறந்ததிலிருந்து மாமாதான். நம்மைவிடப் பத்து வயது மூத்தவர். சாமை விதைப்பார், புளி உலுக்குவார், தேன் எடுப்பார். நம் வனச் சாவடியைக் கடக்கும்போதெல்லாம் தேக்கிலையில் எதையாவது மடித்து வைத்துவிட்டுப் போவார். உன்னை "மாப்ள" என்பார், என்னையும் சேர்த்து.

"இவன் கிட்ட துப்பாக்கி கெடயாதா?"

"இருக்குது. அந்தப் பெரிய கப்பலுக்கு அது கொசு கடிச்சா மாதிரி."

கப்பலில் இருக்கிற அத்தனை பேரும் தலைவன் முகத்தைப் பார்க்கிறார்கள். அவன் பேசும் கருவியை எடுக்கிறான். நீ குரலை மாற்றிக்கொண்டாய். "அண்ணன் பேசறேன். தம்பிங்க நாப்பது பேரும் வந்துட்டீங்களா? அந்த நட்சத்திரத்துக்குப் பின்னாலயே நில்லுங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் சுடக் கூடாது." அப்புறம் கூட்டத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னாய்: "அங்க ஒருத்தனும் கெடயாது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. திரையில் தலைவன், பதில் வருவதுபோல் கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டுத் தலையாட்டினான். பெரிய கப்பல் தயங்கியது. பிறகு மெல்லத் திரும்பிப் போய்விட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். வெள்ளையன் மட்டும் தட்டவில்லை.

"அந்தப் பெரியவன் எப்டிப்பா நம்புனான்? நானா இருந்தா நம்ப மாட்டேன். இவன் கையப் பாத்தியா? நடுங்குச்சே."

"கை யாருக்கும் தெரியாது மாமா. பேச்சுதான் கேக்கும்."

"எனக்குத் தெரிஞ்சிச்சே" என்றார் அவர்.

அது தை மாதம். நாம் அந்த மலைச்சரிவில் மாட்டிக்கொண்டது மாசிக் கடைசி. இடையில் ஆறேழு வாரம்தான்.

அந்த வருடம் மழை ஏமாற்றியதும், சாமை காய்ந்து கருகியதும் நமக்குத் தெரியாதா என்ன. சமவெளியிலிருந்து வருகிறவர்கள் சந்தன மரம் வெட்ட மலை ஆட்களையே கூலிக்குப் பிடிக்கிறார்கள் என்பதும் தெரியும். தெரிந்தவர்கள் யாராவது போகிறார்களா என்று நாம் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. பேசினால் ஏதாவது செய்ய வேண்டியிருக்குமே.

அன்றைக்கு முற்பகல் பத்து, பத்தரை இருக்கும். ஓடைக்கு மேலே பாறை வழியாக ரோந்து போனோம். கையில் ஆளுக்கொரு தடி. உன் தோளில் கையடக்க வயர்லெஸ். அதற்குள் இருந்த பேட்டரி முந்தின நாளே செத்துவிட்டது. மாற்று பேட்டரி சார்ஜ் ஏற்றக் கீழே போயிருந்தது, வர இன்னும் இரண்டு நாளாகும். "இத்த ஏன்டா தூக்கிக்கினு வர்ற?" என்று கேட்டேன். "தோள்ல இல்லன்னா ஒரு மாதிரியா கீது" என்றாய்.

வளைவு திரும்பினோம். பத்தடி தூரத்தில் அவர்கள். பதினைந்து பேருக்குக் குறையாது. தலையில் கட்டை, இடுப்பில் கோடரி, கண் மட்டும் தெரியும்படி துண்டால் முகத்தைச் சுற்றியிருந்தார்கள். முன்னால் நின்றவன் முகத்தை மூடவில்லை. கையில் நாட்டுத் துப்பாக்கி. பேச்சிலேயே சமவெளிக்காரன் என்று தெரிந்தது.

"உக்காருங்கடா ரெண்டு பேரும்" என்றான்.

உட்கார்ந்தோம். அவன் பின்னால் திரும்பி ஒருவனிடம் ஏதோ கேட்டான். துப்பாக்கிக்காரன் சத்தமாகவே சொன்னான்: "இவனுங்கள வுட்டுட்டுப் போனா மூஞ்சியச் சொல்லிடுவானுங்க. இன்னா பண்றது?" நம்மைப் பற்றி நம் எதிரிலேயே, நாம் அங்கே இல்லாததுபோலக் கேட்டான். என் கால்சட்டை நனைந்துவிட்டது. நீ அதைப் பார்த்தாய். சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை. சிரிப்புக்காகக்கூடச் சொல்லவில்லை.

அப்போதுதான் நீ வயர்லெஸ்ஸை வாயருகே கொண்டுபோனாய். பொத்தானை அழுத்தினாய்.

"சார், வந்துட்டாங்க சார். நீங்க சொன்ன எடத்துலயே. பதினஞ்சு பேரு. ஆமா சார், ஒரு துப்பாக்கி." பொத்தானை விட்டாய். காதில் வைத்துக் கேட்டாய். எனக்கே ஒரு நொடி ஏதோ குரல் கேட்பதுபோல் இருந்தது. "சரிங்க சார். மேல இருக்கிறவங்க அப்டியே எறங்கட்டும். ஓடையாண்ட ஜீப்பு நிக்கட்டும், இவங்க அந்தப் பக்கந்தான் ஓடுவாங்க. நாங்க உக்காந்துதான் கீறோம். எங்களப் பாக்காதீங்க, சுடறதுன்னா சுடுங்க."

கடைசி வாக்கியம்தான் அவனை அசைத்தது என்று நினைக்கிறேன். துப்பாக்கிக்காரன் சரிவின் உச்சியைப் பார்த்தான். மேலே குரங்குகள் கிளையை உலுக்கின. யாரோ ஒருவன் கட்டையைக் கீழே போட்டான். அந்தச் சத்தம் கேட்டதும் எல்லாரும் போட்டார்கள். ஓடைப் பக்கம் ஜீப் என்றதால் ஒருவரும் ஒற்றையடிப் பாதையில் இறங்கவில்லை. பாறைப் பக்கமாகச் சிதறி ஓடினார்கள். துப்பாக்கிக்காரன்தான் எல்லாருக்கும் முன்னால்.

நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். மெய்யாகவே சிரித்தாய். "பாத்தியா?" என்றாய். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பாறைக்குக் கீழே ஒரு அலறல் கேட்டது.

இறங்கிப் போனபோது அவர் வறண்ட ஓடையில் கற்களுக்கு நடுவே மல்லாந்து கிடந்தார். துண்டு இன்னும் முகத்தில் சுற்றியபடியே இருந்தது. மூச்சு விட முடியாமல் அது உள்ளே இழுபட்டு வெளியே வந்தது. நீதான் குனிந்து அவிழ்த்தாய்.

"மாமா."

அவர் உன்னைப் பார்க்காமல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் கேட்டார்: "மாப்ள, என் காலு எங்க கீது? ஒட்டிக்கினுதான் கீதா?"

"கீது மாமா. ரெண்டும் கீது."

"எனக்குத் தெரியலையே."

அதற்குப் பிறகு நீ செய்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் பேசியதில்லை. எழுந்து நின்று அதே கருவியை வாயருகே வைத்துப் பொத்தானை அழுத்தினாய். "சார். சார், யாராச்சும் கேக்கறீங்களா? ஒரு ஆளு வுழுந்துட்டாரு சார். முதுகெலும்பு போலக் கீது. ஒரு ஜீப்பு அனுப்புங்க சார்." விட்டாய். காதில் வைத்தாய். மறுபடி அழுத்தினாய். அது செத்துக் கிடக்கிறது என்பது உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் நான் உன்னைத் தடுக்கவில்லை. கருவியை முழங்காலில் தட்டித் தட்டிக் கத்தினாய். "யாராச்சும் கேளுங்களேன்" என்று கடைசியில் கெஞ்சினாய். வெள்ளையன் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர்கள் போட்டுவிட்டு ஓடிய சந்தனக் கட்டைகளில் நீளமாக இரண்டை எடுத்தோம். துண்டுகளையும் நம் சட்டைகளையும் குறுக்கே கட்டி அவரை அதில் கிடத்தினோம். தூக்குவது தப்போ, அசைப்பது தப்போ, எதுவும் தெரியாது. தூக்காமல் விட்டால் அங்கேயே கிடப்பார். தார்ச்சாலைவரை மூன்று மணி நேரம் நடந்தோம். வழியில் ஒரு ஆள் குறுக்கே வரவில்லை. இறக்கத்தில் என் கால் சறுக்கும்போதெல்லாம் அவர் பல்லைக் கடிப்பது கேட்கும். ஒரே ஒருமுறைதான் பேசினார். "மெதுவா வாங்க, அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார். நமக்காகச் சொன்னார்.

சாலையில் புளி மூட்டை ஏற்றிய ஒரு லாரி வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. டாக்டர் ஊசியால் அவர் பாதத்தில் குத்திக் குத்திப் பார்த்தார். நாம் இருவரும் மாமா முகத்தையே பார்த்தோம். ஒரு சுளிப்பு வராதா என்று பார்த்தோம். வரவில்லை.

மரம் ஏறிப் புளி உலுக்கும்போது விழுந்தார் என்று அறிக்கையில் எழுதினாய். நான் கீழே கையெழுத்துப் போட்டேன். கடத்தல் கும்பலை இருவராக விரட்டியதற்கு உனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதிகாரி வந்து எல்லார் முன்னாலும் வாசித்தார். "சமயோசிதம்" என்று ஒரு சொல் அதில் இருந்தது. நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். அடக்கம் என்று நினைத்தார்கள். அந்தக் கடிதத்தை நீ என்ன செய்தாய் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடி தூக்கிக்கொண்டு மலை ஏறினோம். இந்தமுறை ஊர் ஆட்கள் நான்கு பேர் வந்தார்கள். வெள்ளையனின் மனைவி பொன்னி கூடவே நடந்து வந்தாள். வீட்டுக்கு வந்து அவரைக் கயிற்றுக்கட்டிலில் போட்ட பிறகு நம்மைப் பார்த்து, "கஞ்சி குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நீ அங்கே போனாய். நானும் கூட வருவேன். அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது, முதுகுப் புண்ணுக்கு மருந்து தடவுவது, கூரை மாற்றுவது என்று நீ ஓயாமல் ஏதாவது செய்துகொண்டே இருப்பாய். போகும் வழியில் ஒவ்வொரு தடவையும் சொல்வாய்: "இன்னைக்கிச் சொல்லிடப் போறேன்டா. ஒருத்தரும் வரல மாமா, நான் சும்மா சொன்னேன்னு சொல்லிடப் போறேன்." சொல்லாமலேயே திரும்புவாய்.

என்னிடம் கேட்டாய்: "சொன்னா இன்னாடா ஆவும்?"

"ஒண்ணுத்துக்கும் இல்லாம வுழுந்தோம்னு ஆவும் அவருக்கு" என்றேன்.

"சொல்லலன்னா?"



அவர் விழுந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. பொன்னி கொல்லைக்குப் போயிருந்தாள். நீ அவர் காலை நீவிக்கொண்டிருந்தாய். உணர்ச்சி இல்லாத காலை நீவுவதில் என்ன பயன் என்று அவரும் கேட்டதில்லை, நீயும் நிறுத்தியதில்லை. திடீரென்று அவர்தான் ஆரம்பித்தார்.

"மாப்ள, அன்னைக்கி நீ பேசுனியே அந்தப் பொட்டில."

உன் கை நின்றுவிட்டது.

"அதுல யாரும் இல்லன்னு எனக்குத் தெரியும்."

நான்தான் கேட்டேன்: "எப்டி மாமா?"

"கை நடுங்குச்சே. டிவில அந்தக் கப்பல்காரனுக்கு நடுங்குன மாதிரியே. அந்தத் துப்பாக்கிக்காரன் மூஞ்சியப் பாத்துக்கினு இருந்தான். நான் கையப் பாத்துக்கினு இருந்தேன்." லேசாகச் சிரிக்கப் பார்த்தார். "அண்ணன் பேசறேன், தம்பிங்க எல்லாரும் வந்துட்டீங்களான்னு கேப்பியோன்னுகூட நெனச்சேன்."

"அப்ப ஏன் மாமா ஓடுன?" என்று கேட்டாய். அது கேள்வி மாதிரியே இல்லை. அடிபட்டவன் குரல்போல் இருந்தது. "பொய்யின்னு தெரிஞ்சா ஏன் ஓடுன? அப்டியே நின்னிருக்கலாமே. நடந்து போயிருக்கலாமே."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எல்லாரும் ஓடிட்டாங்கன்னா நான் ஒருத்தன்தான் உன் எதுருல நிப்பேன். நீ என் மூஞ்சியப் பாத்துடுவ. தேன் குடுத்த கையில கோடாலிய வெச்சிக்கினு எப்டி உன் எதுருல நிக்கிறது? அதான் ஓடுனேன்."

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. நீ அவர் காலின் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. அவர் கையை நீட்டி உன் தலையைத் தொடப் பார்த்தார், எட்டவில்லை. "வுடு மாப்ள. உன்னையும் கொன்னுட்டிருப்பான். நீ பேசுனதுதான் சரி" என்றார்.

திரும்பும்போது பாதி வழியில் நீ மழையிலேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாய். "தெரிஞ்சே ஓடுனாராம்டா" என்றாய். மறுபடி, "தெரிஞ்சே" என்றாய். உன் பொய்யை அவர் நம்பவில்லை என்பது உனக்கு ஆறுதலா, இல்லை முன்னைவிடப் பெரிய பாரமா என்று எனக்குப் புரியவில்லை. உனக்கும் புரிந்திருக்காது. நான் பக்கத்தில் நின்றேன். நிற்பதைத் தவிர அந்த ஒரு வருடம் முழுவதும் நான் வேறு என்ன செய்தேன்?

மார்கழியில் புண் உள்ளே போய்க் காய்ச்சல் வந்து வெள்ளையன் இறந்தார். நாம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நீ குழி வெட்டினாய். யாரையும் மண்வெட்டியை வாங்க விடவில்லை.

பிறகு நமக்கு வேறு வேறு இடங்களுக்கு மாற்றல் வந்தது. கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், ஓய்வு பெற்று இருவரும் ஒடுகத்தூரிலேயே வந்து விழுந்தோம். தினமும் மாலை பேருந்து நிலையத்துப் பக்கம் டீ குடித்தோம். அரசியல் பேசினோம், சர்க்கரை வியாதி பேசினோம். அந்த மாசி மாதத்தைப் பற்றி முப்பது வருடத்துக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. ஆனால் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நீ டீக்கு வரமாட்டாய். எங்கே போனாய் என்று நான் கேட்கமாட்டேன். பேருந்து, அப்புறம் ஷேர் ஜீப், அப்புறம் நடை. முழங்கால் தேய்ந்த பிறகும் போனாய்.

ஆடியில் உனக்கு நெஞ்சு வலித்தபோது நான் மகள் வீட்டில் இருந்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாய், எழுந்திருக்கவில்லை என்றார்கள். மூன்று பேருந்து மாறி வந்து சேர்ந்தபோது உன் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

ஆவணியில் நான் மலைக்குப் போனேன். உன் செய்தியைப் பொன்னிக்கு வேறு யார் சொல்வார்கள்? சாலை இப்போது ஊர்வரை போகிறது. மண் வீட்டுக்குப் பதில் சிமெண்ட் வீடு. அவளுக்குக் காது மந்தம். பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவர் இறந்த செய்தியைக் கத்திச் சொல்வது எவ்வளவு கொடுமை தெரியுமா? சொன்னேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"அவரு ஒருத்தருதான் தம்பி, என் பிள்ள மாதிரி வந்துக்கினு இருந்தாரு. ஏன் வர்றாருன்னு நான் கேட்டதே இல்ல" என்றாள்.

அந்த இடத்தில்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். உன்னிடம் ஒருபோதும் சொல்லாததை அவளிடமாவது சொல்லியிருக்க வேண்டும். இப்போது இங்கே எழுதுகிறேன்.

அன்றைக்குத் துப்பாக்கிக்காரன் நம்மை உட்காரச் சொன்னபோது, நீ அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு நிமிரும் தைரியம் இல்லை. என் கண் மட்டத்தில் வரிசையாகக் கால்கள்தான் இருந்தன. மூன்றாவதாக நின்ற ஜோடிக் காலில், வலது காலுக்குச் சுண்டுவிரல் இல்லை. மலையில் அப்படி ஒரு கால் ஒருவருக்குத்தான் உண்டு. நீ கருவியை எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும், அங்கே நிற்பது மாமா என்று. உன் தோள் என் தோளை இடித்துக்கொண்டுதான் இருந்தது. "மாமா நிக்கிறாரு" என்று இரண்டு சொல் முணுமுணுத்திருந்தால் போதும்.

சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பாய். அவர் முகத்தைத் திறந்து நமக்காகப் பேசியிருப்பார். இல்லை, அடையாளம் தெரிந்துவிட்டது என்று அவன் நம் இருவரையும் அங்கேயே முடித்திருப்பான். இந்த இரண்டாவது காரணத்தைத்தான் இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். அது பொய். அந்த நேரத்தில் நான் எதையும் யோசிக்கவில்லை. என் நாக்கு அசையவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ செவ்வாய்தோறும் அந்தப் பாரத்தை ஒற்றை ஆளாகச் சுமந்து மலை ஏறியதை, பக்கத்திலேயே வெறுங்கையோடு நடந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொல்லியிருந்தால் நீ திட்டியிருப்பாய். அப்புறம் பாதியை என்னிடம் கொடுத்திருப்பாய். அதைக்கூட நான் செய்யவிடவில்லை.

பொன்னியிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அவளுக்குக் காது கேட்காது, கத்திச் சொல்ல வேண்டும், தெருவில் ஆட்கள் இருந்தார்கள். இப்படி ஒரு சாக்கு கிடைத்ததும் வாயை மூடிக்கொண்டேன். அவள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசல்வரை வந்தாள்.

"இனிமே யாரு வரப் போறாங்க" என்றாள், என்னிடம்கூட இல்லை, பொதுவாக.

"நான் வர்றேங்க" என்றேன்.

இதுவரை இரண்டு தடவை போய்விட்டேன். எனக்குக் கூரை மாற்றத் தெரியாது, மாற்றவும் கூரை இல்லை. மாத்திரை வாங்கிக்கொண்டு போகிறேன், சும்மா உட்கார்ந்திருக்கிறேன், அவள் கொடுக்கிற கஞ்சியைக் குடிக்கிறேன். நாளை மறுநாள் செவ்வாய். காலைப் பேருந்துக்குப் போக வேண்டும். அவளிடம் சொல்வேனா என்று எனக்குத் தெரியவில்லை. போவேன் என்பது மட்டும் தெரியும்.